வழிகாட்டியும் வழிநடப்போரும்

அறிந்தவர் ஒருவரின் பின்னே நடப்பவன் தன் சுதந்திரத்தை இழந்துவிடுகிறானா? இக்கேள்வி பழமையானது. ஆசிரியருக்கும் மாணவனுக்கும், தலைவருக்கும் தொண்டனுக்கும், வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையேயுள்ள உறவுகள் யாவற்றிலும் இது மறைந்து கிடக்கிறது. ஏட்டளவில் இதனை ஆராய்ந்தோர் பலர். ஆயின், மனிதர் தம் கால்களாலேயே இதற்கு விடை காண வேண்டிய இடங்களும் உலகில் உண்டு. முன்பின் அறியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வழிகாட்டியுடன் கூடிப் பல நாட்கள் கரடுமுரடான கடற்கரையொன்றின் வழியே நடந்து செல்வது அத்தகைய இடங்களுள் ஒன்று. இது பொழுதுபோக்குத்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது எனச் சிலர் எண்ணக்கூடும். மனிதர் சிலர் கூடி, ஆபத்து நிறைந்த ஓரிடத்தை ஒன்றாகக் கடக்கும்போது, சமுதாய வாழ்வின் அடிப்படைக் கேள்விகள் அனைத்தும் சுருங்கிய வடிவில் அவர்களுடன் சேர்ந்து நடக்கின்றன என்பதே நமது கருத்து.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலே கோர்ன்வால் என்னும் நிலப்பகுதி அத்திலாந்திக் சமுத்திரத்தினுள் நீண்டு கிடக்கிறது. அதன் விளிம்பைத் தொட்டுச் செல்லும் தென்மேற்குக் கரையோரப் பாதை, மைன்ஹெட் என்னும் ஊரில் தொடங்கிப் பூல் துறைமுக வாயில் வரை 630 மைல், அதாவது ஏறத்தாழ 1014 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் சென்ற் ஐவ்ஸ் முதல் பென்சான்ஸ் வரையுள்ள நாற்பது மைல் அளவான பகுதி மிகக் கடினமானவற்றுள் ஒன்று. கருங்கல் ஓங்கல்கள் கடலினுள் செங்குத்தாக இறங்குகின்றன. நீரோடை ஒவ்வொன்றும் நிலத்தைப் பிளந்து கடலுக்கு ஓடுவதால், பாதை பள்ளத்தில் இறங்குவதும் மீண்டும் முகட்டுக்கு ஏறுவதுமாகவே செல்கிறது. ஏழு மைல் நடையை முடிக்க ஒரு பகற்பொழுது முழுவதும் வேண்டியிருக்கும். முற்பகலில் வெயில் எறிக்கும். பிற்பகலில் கடல்மூடுபனி எழுந்து, பத்தடிக்கு அப்பால் நிலம் முடிகிறதா தொடர்கிறதா எனத் தெரியாமற் செய்துவிடும்.

இத்தகைய பாதையிலே வழிகாட்டியுடன் செல்லும் குழுக்களுக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. முன்னே வழிகாட்டி செல்வார். கடைசியாக ஒருவர் வருவார். அவருக்குப் பின்னே எவரும் தங்கிவிடக்கூடாது. எங்கே இளைப்பாறுவது, எந்த ஓங்கல் விளிம்பின் அடிப்பகுதியை அலை அரித்துவிட்டது, எந்த மணற்குடாவைக் கடல் பெருகுமுன் கடந்துவிட வேண்டும், எந்த நிலை வந்தால் திரும்பிவிட வேண்டும் என்பனவற்றை வழிகாட்டியே தீர்மானிக்கிறார். அக்குழுவில் ஊரில் பலருக்குக் கட்டளையிடும் பதவியில் இருப்பவர்களும் இருக்கலாம். பாதையிலே அவர்களும் நில் என்றால் நிற்கிறார்கள். நட என்றால் நடக்கிறார்கள். இதனை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது?

தனியே நடப்பவனே சுதந்திரமானவன் என்ற எண்ணம் ஐரோப்பிய இலக்கியத்திலே ஆழ வேரூன்றியது. ரூசோவின் மறைவுக்குப் பின் 1782 இல் வெளிவந்த அவரது இறுதி நூல் தனித்து உலாவும் ஒருவனின் சிந்தனைகளாகவே அமைந்தது. சமுதாயத்தின் பொய்மைகளால் மனம் புண்பட்டவன் இயற்கையிடம் தனியே செல்வதில் ஒரு நேர்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், தனியே நடப்பவன் உண்மையில் தனியே நடக்கிறானா? அவன் கால் வைக்கும் பாதையை வேறு கால்கள் மிதித்து உண்டாக்கின. அவன் கையிலுள்ள படத்தை வேறு கைகள் வரைந்தன. முட்புதரை ஒருவர் வெட்டியிருக்கிறார். ஓடையின் மேல் ஒருவர் பலகை இட்டிருக்கிறார். தனிமை என்பது பிறர் உழைப்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலையே. கூட்டாக நடப்பவன் தான் பிறரைச் சார்ந்திருப்பதைக் கண்ணாற் காண்கிறான்; தனியே நடப்பவன் அதைக் காணாதிருக்கிறான். வேறுபாடு அவ்வளவே.

இப்பாதையின் வரலாறே இதற்குச் சான்று. பிரித்தானியக் கரையோரக் காவற்படை 1822 இல் அமைக்கப்பட்டது. தீர்வை கொடாது பண்டங்களைக் கரையிறக்கும் கள்ளக்கடத்தற்காரரைப் பிடிப்பது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. ஒவ்வொரு சிறு குடாவினுள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தமையாலேயே காவலர்கள் ஓங்கலின் விளிம்பை ஒட்டியே நடந்தார்கள். இன்று இயற்கை அழகின் உச்சமெனப் போற்றப்படும் வளைவுகள், அரசின் வேவுக்கண் அன்று நடந்த தடங்களே. பின்னாளில் நடப்போரின் உரிமைக்கான போராட்டம் எழுந்தது. 1932 ஏப்பிரல் 24 இல் வட இங்கிலாந்தின் தொழிலாள இளைஞர் பலநூற்றுவர், செல்வந்தரின் பறவை வேட்டைக்கெனப் பூட்டப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் அத்துமீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நுழைவுரிமைக்குமான சட்டம் 1949 இல் வந்தது. நீண்டதூரப் பொதுப்பாதைகளை வகுக்க அச்சட்டம் இடமளித்தது. 1978 இல் தென்மேற்குப் பாதை முழுமை பெற்றது. 2009 இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் இங்கிலாந்தின் கரை முழுவதையும் சுற்றி நடக்கும் உரிமைக்கு வழிவகுத்தது. எனவே, அங்கே தனியே நின்று கடற்காற்றை அனுபவிப்பவனுடைய ஒவ்வோர் அடிக்கும் கீழே ஒரு கூட்டு முயற்சி கிடக்கிறது.

இனி, கட்டளைக்குப் பணிதல் என்ற விடயத்துக்கு வருவோம். கடலில் நாளொன்றுக்குப் பெரும்பாலும் இருமுறை வற்றும் பெருக்கும் ஏற்படுகின்றன. பெருக்கு நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துகிறது. நேற்றுப் பத்து மணிக்குக் கடந்த மணற்பரப்பு இன்றும் பத்து மணிக்கு அதே நிலையில் இருக்கும் என நினைப்பவனைக் கடல் மன்னிப்பதில்லை. இதை அறியாதவன் விரும்பிய பக்கமெல்லாம் நடக்கலாம். அவனைத் தடுப்பார் இல்லை. ஆயினும், பின்னே பாறை, முன்னே நீர் என்ற நிலையில் அகப்பட்டு நிற்கும்போது அவனுடைய சுதந்திரம் எங்கே போயிற்று? பெருக்கு அட்டவணையை அறிந்தவனோ கடலின் விதிக்குள்ளேயே தன் வழியைக் கண்டுகொள்கிறான். இயற்கை நியதிகளை அறிந்து அவற்றைத் தன் நோக்கங்களுக்கு இசைவாகப் பயன்படுத்துவதில்தான் சுதந்திரம் உள்ளது என்னும் கருத்தை ஹெகலிடமிருந்து எடுத்து, எங்கெல்ஸ் டூரிங்குக்கு எதிரான தமது நூலில் 1878 இல் விரித்துரைத்தார். வழிகாட்டியின் சொல்லுக்கு இணங்குவோர் உண்மையில் அவருடைய விருப்பத்துக்கு அன்று, அவர் வாயிலாகப் பேசும் கடலின் நியதிக்கே இணங்குகிறார்கள்.

இத்துடன் நிறுத்திவிட்டால் நமது வாதம் ஆபத்தானதாக முடியும். ஏனெனில், "நாம் அறிந்தவர்கள், ஆகவே எமக்குப் பணியுங்கள்" என்பது கொடுங்கோலர் யாவரும் சொல்லும் வாசகம். எல்லா அதிகாரமும் தன்னை அறிவின் குரலாகவே காட்டிக்கொள்கிறது. உண்மையான வழிகாட்டலையும் வெறும் ஆதிக்கத்தையும் வேறுபடுத்திக் காண ஓர் உரைகல் வேண்டும். அவ்வுரைகல்லை அதே பாதையின் ஓரத்திலேயே நாம் காணலாம்.

சென்ற் ஐவ்ஸிலிருந்து மேற்கே இரண்டாம் நாள் நடையில் பெண்டீன் என்னும் ஊர்ப்புறம் வருகிறது. அங்கே ஓங்கல்களின் மேல், கூரையிழந்த இயந்திரசாலைகளும் உயர்ந்த புகைபோக்கிகளும் நிற்கின்றன. அவை செம்பும் வெள்ளீயமும் தோண்டிய சுரங்கங்களின் எச்சங்கள். 2006 இல் அப்பிரதேசத்தின் சுரங்க நிலக்காட்சி உலக மரபுரிமையாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. வருவோர் படம்பிடிக்கும் அழகிய சிதைவுகள் அவை. அவற்றுள் லெவன்ற் என்னும் சுரங்கம் கடலுக்கடியில் ஒரு மைலுக்கு மேல் நீண்டு சென்றது. தொழிலாளர் ஆழத்துக்கு இறங்கவும் ஏறவும் அங்கே 'மனிதப்பொறி' எனப்பட்ட ஒரு சாதனம் இருந்தது. நீண்ட தண்டொன்று நீராவி விசையால் பன்னிரண்டடி மேலும் கீழுமாக ஓயாது அசையும். அதிற் படிகள் பொருத்தப்பட்டிருக்கும். தண்டு மேலெழும்போது படியில் நின்று, எழுந்து முடிந்ததும் பக்கத்துப் பாறையிலுள்ள மேடையில் கால் வைத்து, அடுத்த படி வரும்வரை காத்திருந்து, இவ்வாறு அடிமேல் அடியாகத் தொழிலாளர் வெளிச்சத்துக்கு வருவார்கள்.

1919 ஒக்ரோபர் 20 இல், வேலை முடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் அத்தண்டிலே நின்று மேலே வந்துகொண்டிருந்தார்கள். தண்டின் தலைப்பகுதியைப் பொறியுடன் பிணைத்திருந்த இரும்பு முறிந்தது. முப்பத்தொருவர் இறந்தார்கள். அம்மனிதப்பொறி மீண்டும் அமைக்கப்படவில்லை. 1930 இல் சுரங்கமே மூடப்பட்டது.

அத்தொழிலாளரும் ஓர் ஒழுங்குக்குப் பணிந்தார்கள். அவர்களும் வரிசையாக, ஒருவர் அடியைப் பார்த்து ஒருவர், பிசகாத தாளத்தில் நடந்தார்கள். அவர்களும் தம்மைவிட அறிந்தவரென்று கருதப்பட்டவர்களை நம்பினார்கள். ஆயினும் அந்நம்பிக்கை வேறு வகையானது. பொறியின் இரும்பு எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்று தீர்மானிக்கும் உரிமை அதிலே நின்றவர்களுக்கு இல்லை. தீர்மானிக்கும் உரிமை பெற்றிருந்த பங்குடைமையாளரோ அத்தண்டிலே நாள்தோறும் நிற்க வேண்டியவர்கள் அல்லர். வேண்டாமென்று விலகினால் அடுத்த வேளை உணவுக்கு வழியில்லை. ஆபத்து ஒரு பக்கம், அதிகாரம் மறுபக்கம் எனப் பிரிந்து நின்ற நிலையிலேதான் அவர்களுடைய பணிவு வாங்கப்பட்டது.

இதற்கு எதிரான சான்றும் அதே நடையின் முடிவுப் பகுதியிற் கிடைக்கிறது. பென்சான்ஸை அடையுமுன் மவுசல் என்னும் சிறு மீனவ ஊர் உண்டு. 1981 டிசெம்பர் 19 இரவு, 'யூனியன் ஸ்ரார்' என்னும் கப்பல் இயந்திரம் நின்றுபோய்ப் புயலில் அக்கரையை நோக்கித் தள்ளப்பட்டது. கப்பலில் எண்மர். அவர்களைக் காக்க மவுசல் ஊரின் தொண்டர் எண்மர் 'சொலமன் பிரவுண்' என்னும் மரப் படகிலே புறப்பட்டார்கள். ஊதியத்துக்காக அன்று, ஊர்க் கடமையாகவே அவர்கள் சென்றார்கள். படகின் தலைவர் ஆட்களைத் தெரிவுசெய்தபோது, தந்தை ஏலவே தெரிவாகியிருந்த ஓர் இளைஞனை ஏற்க மறுத்தார்; அத்தகைய இரவில் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் வரலாகாது என்பது அவர் முடிவு. கப்பலிலிருந்து நால்வரை மீட்டுவிட்டதாகப் படகிலிருந்து செய்தி வந்தது. எஞ்சியோருக்காக மீண்டும் நெருங்கியபோது யாவும் முடிந்தது. இரு பக்கத்திலும் பதினாறு பேரும் மாண்டார்கள். ஒரு நாளுக்குள்ளேயே புதிய படகுக் குழுவுக்குப் போதிய தொண்டர்கள் அவ்வூரில் முன்வந்தார்கள்.

அந்தப் படகுத் தலைவரும் கட்டளையிட்டவரே. அவர் சொல்லே அன்று இறுதிச் சொல். எனினும், அக்கட்டளையில் ஆதிக்கத்தின் சாயல் சிறிதும் இல்லை. ஏன்? முதலாவதாக, அவர் அறிந்தவர், அக்கடலில் வளர்ந்தவர். இரண்டாவதாக, யாரை அழைத்தாரோ அவர்களுடன் அதே படகில் அவரும் சென்றார். மூன்றாவதாக, அவரைப் பின்பற்றியோர் மறுக்கும் உரிமையுடையவர்கள். மறுக்கும் உரிமை இருந்தும் வந்தவர்கள். நான்காவதாக, கட்டளையின் நோக்கம் கட்டளையிடுபவரின் ஆதாயமன்று. அறிவு, பங்கிடப்பட்ட ஆபத்து, வினவவும் விலகவும் உள்ள உரிமை, பொதுநோக்கு ஆகிய நான்குமே நாம் தேடிய உரைகல். லெவன்ற் சுரங்கத்தில் அறிவு இருந்ததென்று வைத்துக்கொண்டாலும் ஏனைய மூன்றும் இருக்கவில்லை. நடைக்குழுவின் வழிகாட்டியையும் இதே கல்லிலே உரைத்துப் பார்க்கலாம். அவர் விழக்கூடிய விளிம்பிலேயே அவரும் நடக்கிறார். "ஏன் இப்பக்கம் போகலாகாது?" என்று கேட்பவனுக்கு அவர் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். காரணம் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் வழிகாட்டி அந்நொடியிலேயே வழிகாட்டி என்ற தகுதியிலிருந்து இறங்கிவிடுகிறார்.

அடுத்து வருவது, மெதுவாக நடப்பவனைப் பற்றிய கேள்வி. எந்தக் குழுவிலும் வலியவர் சிலர் முன்னே விரைவார்கள். ஒருவர் எப்போதும் பின்தங்குவார். குழுவின் வேகத்தை யாருடைய கால்கள் நிர்ணயிக்க வேண்டும்? வலியவன் கூறுவான்: "நானும் அதே பணத்தைக் கொடுத்தேன். மற்றவனுடைய இயலாமைக்காக என் நாள் ஏன் குறைய வேண்டும்?" இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. அவன் கேட்பது ஒரு நியாயம், சந்தையின் நியாயம். கொடுத்த பணத்துக்குச் சரியான பண்டம் என்பது அந்நியாயத்தின் சாரம். ஆயின் பாதையிலே நாம் வாங்குவது தனித்தனிப் பண்டமன்று. மூடுபனியில் வலியவனுடைய கணுக்கால் பிசகினால், அதுவரை கடைசியாக வந்தவனே அவனைத் தாங்குவான். வலிமை என்பது மாறாத உடைமை அல்ல. இன்றைய நாளின் நிலை மாத்திரமே.

அதற்காக, தனக்கும் ஒருநாள் உதவி தேவைப்படும் என்ற கணக்கினால் மாத்திரம் காத்திருப்பது போதுமானதன்று. அது காப்புறுதிக் கட்டணம் செலுத்துவதற்கு ஒப்பானது. ஒன்றாகச் செல்வோம் என்று புறப்பட்டவர்களுக்கு, சேர்ந்து சென்றடைவதே இலக்கு. ஒருவனை விட்டுவிட்டு ஒன்பது பேர் விரைவாகச் சென்றடைந்தால், அவர்கள் புறப்பட்டபோது கொண்டிருந்த இலக்கை அவர்களும் அடையவில்லை. இங்கே மெதுவாக நடப்பவனுக்கும் கடமை உண்டு என்பதைச் சொல்லாது விடுவது போலி இரக்கமாகும். தன் இயலாமையை மறைக்காது காலத்தே சொல்வது அவன் கடமை. வெட்கத்தினால் அதை மறைப்பவன் அனைவரையும் கடற்பெருக்கின் வாயில் நிறுத்திவிடக்கூடும். ஆகவே, சமத்துவம் என்பது எல்லோரும் ஒரே வேகத்தில் நடப்பதன்று. இயன்றவன் சுமையிற் கூடிய பங்கை எடுக்க, இயலாதவன் உண்மையைக் கூற, எவரும் விடுபடாது சென்றடைவதே அது.

இவ்வளவும் நடக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்குள் உள்ள அறம். ஆனால் அக்குழுவுக்கு வெளியே நிற்பவர் யார்? நடப்போரின் பெட்டிகள் காலையில் விடுதி வாயிலில் வைக்கப்படுகின்றன. மாலையில் அடுத்த விடுதியிற் காத்திருக்கின்றன. அவற்றை வானில் ஏற்றியிறக்கும் சாரதியும், கட்டிலை விரிக்கும் பெண்ணும், உணவு சமைப்பவரும் குழுப் புகைப்படத்தில் இடம்பெறுவதில்லை. கோடையில் மாத்திரம் வேலை, மாரியில் வேலையின்மை என்பது சுற்றுலாக் கரைகள் பலவற்றின் விதி. அதனிலும் கொடியது வீட்டுப் பிரச்சினை. நகரத்துச் செல்வர் விடுமுறை வீடுகளை வாங்க, கரையிலே பிறந்து வளர்ந்தோருக்கு வீட்டு விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. 2016 இல் சென்ற் ஐவ்ஸ் மக்கள், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாக வசிப்போருக்கே உரியனவாக வேண்டும் என்ற திட்டத்துக்கு வாக்களித்தார்கள். வாக்களித்தோருள் நூற்றுக்கு 83 பேர் ஆதரித்தார்கள். புதிய வீடுகளை மாத்திரமே அது கட்டுப்படுத்தியது. பழைய வீடுகள் சந்தையின் கையிலேயே இருந்தன.

ஆறு நாட்கள் தோழமையுடன் நடந்து, கடைசியாக வந்தவனுக்காகக் காத்திருந்து, ரொட்டியைப் பகிர்ந்துண்டவர்கள், தாம் தங்கும் ஊரில் பிறந்தவன் அங்கே வாழ முடியாதிருப்பதைக் காணாமலே திரும்பிவிடக்கூடும். அவர்களுடைய தோழமை பொய்யென்று நாம் கூறவில்லை. அது உண்மையானது, உண்மையானது என்பதனாலேயே அதன் எல்லை நம்மை உறுத்துகிறது. மனிதர் இயல்பிலேயே தன்னலக்காரர், போட்டியே அவர்களின் இயற்கை என்று நமக்கு ஓயாது போதிக்கப்படுகிறது. முன்பின் அறியாதவர்கள், சரியான ஒழுங்கமைப்புக் கிடைத்தால், இரண்டாம் நாளிலேயே ஒருவரையொருவர் தாங்கி நடக்கத் தொடங்குகிறார்கள் என்பதை இத்தகைய பயணங்கள் காட்டுகின்றன. ஆறு நாட்களுக்கும் நாற்பது மைலுக்கும் சாத்தியமானது ஏன் அதற்கு மேல் சாத்தியமாகவில்லை? மனித இயல்பிலே குறையில்லையாயின் குறை ஒழுங்கமைப்பிலேயே இருக்க வேண்டும். அக்குறையை மாற்றுவது மனிதரால் இயலாத காரியமன்று.

இறுதியாக, ஆசிரியரும் மாணவருமான நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு விடயம். நல்ல வழிகாட்டி முதல்நாள் தானே படத்தைப் பார்த்து வழி சொல்கிறார். இரண்டாம் நாள் படத்தை விரித்துக் காட்டுகிறார். உயரக்கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது என்று விளக்குகிறார். நான்காம் நாள் படத்தை மற்றொருவர் கையிற் கொடுத்து, "நாம் இப்போது எங்கே நிற்கிறோம்?" என்று கேட்கிறார். பெருக்கு அட்டவணையை வாசிக்கப் பழக்குகிறார். தன் அறிவைப் பிறருடைய அறிவாக்கி, தன் தேவையைத் தானே குறைத்துக்கொண்டு செல்கிறார். தீய வழிகாட்டியோ கடைசி நாளிலும் படத்தைத் தன் பைக்குள்ளேயே வைத்திருப்பார். அவரைப் பின்பற்றியோர் நாற்பது மைல் நடந்த பின்னும் ஒரு மைலையும் தாமாக நடக்க அறியார். வகுப்பறையிலும் தொழிற்சங்கத்திலும் அரசியல் இயக்கத்திலும் நாம் காணும் தலைமைகளை இவ்விரு வகையில் ஒன்றாக அடையாளங் காண்பது கடினமன்று.

எனவே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு நமது விடை இதுவாகும்: அறிந்தவரின் பின்னே நடப்பதனால் மட்டும் எவரும் அடிமையாவதில்லை. அவர் நம்முடன் அதே விளிம்பில் நடக்கிறாரா, நமது கேள்விக்குக் காரணம் காட்டுகிறாரா, கடைசியாக வருபவனுக்காக நிற்கிறாரா, படத்தை என்றைக்கு நம் கையிலே தருவார் என்பனவே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இவற்றைக் கேளாது பின்செல்பவன் சுதந்திரத்தைத் தானே கைவிடுகிறான். இவற்றைக் கேட்டு, தகுந்த விடை பெற்று, பிறருடன் சேர்ந்து அடியெடுத்து வைப்பவன் தன் சுதந்திரத்தைப் பயன்படுத்துகிறான்.